பூச்சிக் குளிசைக்கு முன்னால் எச்சத்தைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. பழைய வீடு, பின்வளவில் மண் தரையோடு ஒரு பெரிய பறவைக்கூடு. அதில் எட்டு கொக்கட்டீல்கள் (கொண்டையுள்ள சிறு கிளிகள்), நான்கு சோடி லவ் பேர்ட்ஸ், அதாவது பட்ஜி. பக்கத்தில் சிறிய கூடொன்றில் கூல்டியன் பிஞ்ச் குருவிகள். போன மாதம் ஒரு கொக்கட்டீல் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே மெலிந்து, கடைசி இரண்டு நாள் வாந்தி எடுத்துச் செத்துவிட்டது. பறவை வாங்கிய கடையில் "பூச்சிதான், மாதம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் தண்ணீரில் கலந்து கொடுங்கள்" என்று ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கடைக்காரர் சொன்ன நோய் சரியாகவே இருக்கலாம். ஆனால் எந்தப் பூச்சி, எத்தனை கிராம் பறவை, எந்த மருந்து என்ற மூன்றும் தெரியாமல் மாதாமாதம் மருந்து ஊற்றினால் பூச்சிக்கும் தீராது, பறவைக்கும் நல்லதல்ல.

நான் மிருக வைத்தியர் இல்லை. முப்பது வருடம் மனிதர்களின் இரத்தமும் மலமும் சிறுநீரும் பார்த்த ஆய்வுகூடக்காரன். கொட்டாஞ்சேனையில் வீட்டு மொட்டைமாடியில் பறவை வளர்க்கத் தொடங்கிய பிறகு அதே நுணுக்குக்காட்டியின் கீழ் எச்சத்தையும் வைத்துப் பார்க்கப் பழகினேன். ஆகவே மருந்தின் அளவை உங்களுக்கு எழுதிக் கொடுக்கப் போவதில்லை. அது பறவைகளைத் தெரிந்த டொக்டரின் வேலை. அவரிடம் போவதற்கு முன்னால் நீங்கள் செய்யவேண்டியதையும், போய்வந்த பிறகு செய்யவேண்டியதையும் சொல்கிறேன்.

முதலில் செத்த கொக்கட்டீல். சாப்பிட்டுக்கொண்டே மெலிவதும் வாந்தியும் பல நோய்களுக்கு வரும். ஆனால் மண் தரை, கொக்கட்டீல், இந்த அறிகுறிகள் மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அஸ்காரிடியா என்ற வட்டப்புழு. கொக்கட்டீலும் பட்ஜியும் அவுஸ்திரேலியாவில் நிலத்தில் இறங்கிப் புல்விதை பொறுக்கும் பறவைகள். மரத்திலேயே பொழுதைக் கழிக்கும் கிளிகளைவிட இவற்றுக்கு வட்டப்புழு அதிகம் வருவதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம். சில சென்ரிமீற்றர் நீளமான வெள்ளைப் புழு. இரண்டு மூன்று இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கூட்டமாகப் பெருகினால் குடலில் இடியப்பம் போலச் சிக்கித் திரண்டு வழியை அடைத்துவிடும். அந்தப் பறவையைத் திறந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். இனி ஒன்று செத்தால் புதைத்துவிடாதீர்கள். ஈரக் கடதாசியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, அன்றோ மறுநாளோ டொக்டரிடம் கொடுங்கள். பிரீசரில் வைக்கக் கூடாது, உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும். (வீட்டில் அம்மா திட்டுவார். ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி என்றால் கொஞ்சம் குறைவாகத் திட்டுவார்.)

இந்தப் புழுவுக்கு இடையில் வேறு பிராணி தேவையில்லை. முட்டை எச்சத்தோடு விழுகிறது, தரையில் முதிர்கிறது, தினையோடு சேர்ந்து மறுபடி வாய்க்குள் போகிறது. விழுந்த அன்று அந்த முட்டையால் ஆபத்து இல்லை. சூடும் ஈரமும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வரும். குளிர் நாடுகளில் குளிர்காலம் வந்து இந்த முதிர்ச்சியைத் தள்ளிப்போடும். கொழும்பில் தள்ளிப்போட ஒன்றும் இல்லை. இரவுகூடப் பெரும்பாலும் 22 பாகைக்குக் கீழே இறங்காத ஊர், வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை, மே மாதத்தில் ஒரு உச்சம், ஒக்டோபர் நவம்பரில் இன்னொன்று. உங்கள் பின்வளவு மண், புழு முட்டைக்கு வருடம் முழுவதும் திறந்திருக்கும் அடைகாப்பகம். மாத மருந்து தோற்பதும் இங்கேதான். மருந்து குடலில் உள்ள புழுவைக் கொல்லும், மண்ணில் உள்ள முட்டையைத் தொடாது. மருந்து கொடுத்த அடுத்த நாளே பறவை தரையில் இறங்கிப் புதிதாகப் பொறுக்கிக்கொள்ளும்.

சரி, எச்சத்துக்கு வருவோம்.

மாலையில் கூட்டின் அடியில், பறவைகள் இரவில் அடையும் கம்புக்கு நேர் கீழே, மெழுகுக் கடதாசியோ பொலித்தீனோ விரியுங்கள். காலையில் ஈரமாக இருப்பதை எடுங்கள். எச்சத்தில் மூன்று பங்கு இருக்கும்: பச்சை அல்லது கபில நிறத் திரள் மலம், வெள்ளை யூரேற்று, தெளிந்த நீர் சிறுநீர். நமக்கு வேண்டியது திரள் மட்டும். புழு தினமும் ஒரே அளவில் முட்டையிடாது. ஆகவே ஒருநாள் மாதிரியில் ஒன்றும் இல்லை என்றால் அதை நம்பாதீர்கள். மூன்று நாள் சேர்த்து, மூடியுள்ள சின்னப் போத்தலில் பிரிட்ஜில் வையுங்கள். முட்டைகள் அங்கே முதிராமல் அப்படியே நிற்கும். ஒவ்வொரு கூட்டுக்கும் வேறு போத்தல், மேலே பெயரும் திகதியும். எல்லாக் கூட்டையும் ஒரே போத்தலில் போட்டுக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். புழு இருக்கிறது என்று சொல்லலாம், யாருக்கு என்று சொல்ல முடியாது.

பார்க்கும் முறை நாங்கள் மனித மலத்துக்குச் செய்வதுதான். சுடுநீரில் கறியுப்பை, இனிக் கரையாது என்று அடியில் தங்கும்வரை கரைத்து ஆறவிட்டால் அடர்த்தி 1.20 அளவில் வரும். அதில் எச்சத்தைக் கலக்கி, தேத்தண்ணி வடியால் வடித்து, சிறிய குழாயில் விளிம்பு பொங்க நிரப்பி, மேலே கண்ணாடி மூடித்துண்டை வைத்து 15 முதல் 20 நிமிடம் விட்டால் முட்டைகள் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். நூறு மடங்கு உருப்பெருக்கத்தில் வட்டப்புழு முட்டை தடித்த ஓட்டோடு நீள்வட்டமாகத் தெரியும். இரண்டு முனையிலும் தக்கை அடைத்த எலுமிச்சம்பழம் போல இருந்தால் கப்பிலாரியா, மயிரிழைப் புழு. அது வட்டப்புழுவைவிடப் பிடிவாதமானது. ஒருமுறை மருந்தோடு போகாது. மிகச் சிறிய உருண்டைகள் கூட்டமாக இருந்தால் கொக்சிடியா, குடலில் வாழும் ஒற்றைக்கல ஒட்டுண்ணி. பழைய நுணுக்குக்காட்டி ஒன்று வாங்கினால், கொழும்பின் ஈரக்காற்றுக்கு வில்லையில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டு மூடிய பெட்டிக்குள் வையுங்கள். என் முதலாவது அப்படித்தான் போனது.

மிதக்கவிடும் முறையில் அகப்படாதவையும் உண்டு. ஜியார்டியா என்ற ஒற்றைக்கல உயிரி கொக்கட்டீலுக்கும் பட்ஜிக்கும் அடிக்கடி வரும். கொக்கட்டீல் செட்டைக்கு அடியிலும் தொடையிலும் கத்திக் கத்தி இறகைப் பிடுங்கினால் அதையும் சந்தேகிக்க வேண்டும். நீந்துகிற உயிரை அப்போதே விழுந்த சூடான எச்சத்தில், உப்புநீர்த் துளியோடு, சில நிமிடங்களுக்குள் பார்க்கவேண்டும். மாதிரியோடு ஓட்டோவில் ஏறி காலி வீதி நெரிசலில் அரை மணித்தியாலம் நின்றால், போய்ச் சேரும்போது அடையாளம் தெரியாத குப்பைதான் மிஞ்சும். தொண்டையிலும் இரைப்பையிலும் (கழுத்தடியில் இரை தங்கும் பை) வாழும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைக்கல உயிரியும் அப்படியே. அதற்கு எச்சம் உதவாது, இரைப்பையில் இருந்து ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்துப் பார்க்கவேண்டும். இந்த இரண்டுக்கும் பறவையையே டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

பிஞ்ச் குருவிகளுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. அவற்றில் இருக்கும் கொக்சிடியா, ஐசோஸ்போரா வகை. அது எச்சத்தில் வெளிவருவது பெரும்பாலும் பின்னேரத்தில். காலை எச்சத்தில் ஒன்றுமே இல்லாத குருவி, பின்னேரம் நான்கு ஐந்து மணிக்கு மேல் ஆயிரக்கணக்கில் கொட்டும். இதை அறியாமல் இரண்டு வருடம் காலையில் மட்டும் எடுத்துப் பார்த்து, "என் குருவிகள் சுத்தம்" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். குருவிக் கூட்டுக்குக் கடதாசியைப் பின்னேரம் மூன்று மணிக்கு விரித்து இருட்டுமுன் எடுங்கள். வளர்ந்த, சுறுசுறுப்பான குருவியில் ஒன்றிரண்டு கொக்சிடியா தெரிந்தால் நான் மருந்து கொடுக்கச் சொல்லமாட்டேன், கூட்டை உலர்வாக வைக்கச் சொல்வேன். கூட்டை விட்டு வந்த குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வயிறு வீங்கி, நிறைய இருந்தால் அது வேறு கதை. வட்டப்புழு என்றால் இந்தத் தயவு கிடையாது. கொக்கட்டீல் எச்சத்தில் ஒரு முட்டை தெரிந்தாலும் மருந்துதான்.

இன்னொரு கருவி எல்லோர் குசினியிலும் இருக்கிறது: கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு. மேலே ஒரு கம்பை வைத்து, காலையில் சாப்பாட்டுக்கு முன் நிறுங்கள். கொக்கட்டீல் 80 முதல் 110 கிராம், பட்ஜி 30 முதல் 40, கூல்டியன் 15 கிராம் அளவு. பறவை நோயை மறைக்கும். இறகு சிலிர்த்து உட்காரும் நாளில் பாதிக் கதை முடிந்திருக்கும். நிறை அப்படி மறைக்காது. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றே டொக்டர். வாரம் ஒருமுறை நிறுத்து அப்பியாசக் கொப்பியில் எழுதி வந்திருந்தால், உங்கள் கொக்கட்டீல் மெலிவது மூன்று வாரம் முன்பே தெரிந்திருக்கும். மருந்தின் அளவைக் கணக்கிடுவதும் அந்த நிறையை வைத்துத்தான்.

கணக்கு என்றதும் ஐவர்மெக்டின் நினைவுக்கு வருகிறது. மாட்டுக்குப் போடும் 1 வீத ஊசிமருந்தைப் பறவைக்கு "ஒரு துளி" விடச் சொல்வது இங்கே சாதாரணமான ஆலோசனை. பறவைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு கிலோகிராமுக்கு 0.2 மில்லிகிராம். 35 கிராம் பட்ஜிக்கு 0.007 மில்லிகிராம். 1 வீத மருந்தில் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே பட்ஜிக்கு வேண்டியது 0.0007 மில்லிலீற்றர். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். அதாவது அந்த ஒரு துளியில் தேவையைப்போல் எழுபது மடங்கு. டொக்டர்கள் ஐதாக்கிக் கொடுப்பது சும்மா இல்லை. ஐவர்மெக்டின் நாடாப்புழுவையும் கொல்லாது, கொக்சிடியாவையும் ஜியார்டியாவையும் கொல்லாது. கூல்டியன் குருவிகளின் சுவாசக்குழாயில் இருக்கும் சிற்றுண்ணிக்கு அது நல்ல மருந்து. இரவில் குருவி "டிக் டிக்" என்று மூச்சு விட்டால் குடலைத் தேடாதீர்கள், அது பெரும்பாலும் இந்தச் சிற்றுண்ணிதான்.

பென்பென்டசோல் வட்டப்புழுவுக்கும் மயிரிழைப் புழுவுக்கும் பாவிக்கிற மருந்து. ஆனால் புறா இனங்களுக்கு அது நஞ்சாகலாம், எலும்பு மச்சையைத் தாக்கும். கிளிகளுக்கு இறகு உதிர்த்து முளைக்கும் காலத்தில் கொடுத்தால் புதிய இறகு கோணலாக வரும். நான் இதைப் படித்தது பிறகு. முன்பு என்னிடம் ஆறு வைரப்புறாக்கள் இருந்தன. கிளிகளுக்குக் கொடுத்து மிஞ்சியதை "புழு எல்லாம் ஒன்றுதானே" என்று அவற்றுக்கும் ஐந்து நாள் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்குள் மூன்று போய்விட்டன. எச்சத்தில் புழு முட்டை இருந்ததா என்று பார்த்தேனா? இல்லை. மனிதக் குளிசையான அல்பென்டசோலும் அதே குடும்பம். புறாவுக்கு அதிலும் ஆபத்து உண்டு. பாமசியில் பிள்ளைகளுக்கு வாங்கும் பூச்சிக் குளிசையை நாலாக உடைத்துக் கொடுப்பவர்கள் கவனிக்கவேண்டும்.

லெவமிசோல் வேலை செய்யும், ஆனால் சரியான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையில் தூரம் மிகக் குறைவு. மெலிந்த பறவைக்குக் கொடுக்கக் கூடாது. பைரன்டெல் வட்டப்புழுவுக்குச் சாதுவான மருந்து. நாடாப்புழுவுக்கு பிரசிகுவான்டெல், ஆனால் அதன் ஊசிமருந்து பிஞ்ச் குருவிகளுக்கு ஆகாது. கொக்சிடியாவுக்கு டோல்ட்ராசுரில் அல்லது அம்ப்ரோலியம். அம்ப்ரோலியத்தை நீண்டநாள் கொடுத்தால் விற்றமின் பி1 குறையும்.

தண்ணீரில் கலப்பதைப் பற்றி. கொக்கட்டீலும் பட்ஜியும் வறண்ட நாட்டில் வந்தவை, குறைவாகவே குடிக்கும். தண்ணீர் கசந்தால் குடிக்காமலே நாளைக் கடத்தும். சுகமான பறவையாவது கொஞ்சம் குடிக்கும், நோயாளி தொடமாட்டாது. யாருக்கு வேண்டுமோ அவருக்கு மருந்து போகவில்லை. அதோடு வலைக்கூரைக்கு மேல் மழை பெய்தால் பறவை கிண்ணத்தை எட்டியும் பார்க்காது, இறகில் வழியும் துளியைக் குடித்துக்கொள்ளும். குறைந்த அளவு மருந்தை மாதாமாதம் பார்த்துப் பழகிய புழு, நாளைக்கு உண்மையான அளவுக்கும் அசையாது. பெரிய கூட்டத்துக்கு வேறு வழியில்லாமல் தண்ணீரில் கொடுப்பவர்கள் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. எட்டு கொக்கட்டீலுக்கு அது தேவையில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து, நிறுத்து, இரைப்பைக்குள் குழாயால் கொடுக்கலாம். முதல்முறை டொக்டர் செய்வதைப் பாருங்கள். குழாய் தவறிச் சுவாசப்பைக்குப் போனால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

பப்பாசி விதை, பூசணி விதை, உள்ளி பற்றியும் கேட்பீர்கள். பப்பாசி விதையும் பூசணி விதையும் சாப்பாடாகக் கொடுக்கலாம், கொக்கட்டீல் விரும்பித் தின்னும். அதனால் குடல் சுத்தமாகும் என்று நம்பி எச்சம் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். உள்ளியை வேண்டாம் என்பேன். வெங்காயக் குடும்பம் கூடினால் பறவையின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும்.

மருந்து கொடுத்த பிறகு பெரும்பாலானோர் செய்யாத ஒன்று இருக்கிறது. பதினான்கு நாளில் திரும்ப எச்சம் பாருங்கள். முட்டை அப்படியே இருந்தால் மருந்து போய்ச் சேரவில்லை, அல்லது புழு பழகிவிட்டது, அல்லது தரையில் இருந்து திரும்ப வந்துவிட்டது. எது என்று அறிய, மருந்து கொடுத்த பறவைகளை அந்த நாட்களில் கம்பி அடித்தளம் உள்ள சிறு கூட்டில் வைத்திருப்பது நல்லது. எச்சம் கம்பி வழியே கீழே விழும், பறவை அதைத் தொடாது.

இனித் தரை. உண்மையான வேலை இங்கேதான், எல்லோருக்கும் பிடிக்காததும் இதுதான். மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு அள்ளி வெளியே கொட்டி, சீமெந்து போட்டு, ஒரு பக்கம் சரிவு வையுங்கள். மழைத்தண்ணீர் நிற்கக் கூடாது. முடியாவிட்டால் கம்பி வலைத் தரை, நிலத்தில் இருந்து இடுப்பு உயரத்தில். டெட்டோலும் லைசோலும் வட்டப்புழு முட்டையின் ஓட்டை ஒன்றும் செய்யாது. லைசோல் வகை வாடை பறவையின் நுரையீரலுக்கும் கூடாது. முட்டைக்குப் பயம் கொதிக்கும் சூடும் வறட்சியும். பறவைகளை அகற்றிவிட்டு, எச்சத்தை நனைத்துச் சுரண்டி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். கம்புகளையும் கிண்ணங்களையும் வெயிலில் புரட்டிப் போடுங்கள். காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். கிளிகளின் எச்சத்தூசியில் கிளிக்காய்ச்சலைத் தரும் கிருமியும் வரும், அது புழுவல்ல, நம் சுவாசப்பைக்கு ஆபத்து. நனைத்து எடுங்கள், முகமூடி போடுங்கள்.

கூரையையும் பாருங்கள். கொழும்பில் காகமும் மாடப்புறாவும் மைனாவும் எங்கேயும் குந்தும். வலைக்கூரை என்றால் அவற்றின் எச்சம் நேரே உங்கள் தினைத்தட்டில். கொக்சிடியா பெரும்பாலும் இனத்துக்கு இனம் தாவாது. ஆனால் புறாவின் வட்டப்புழு கிளிகளிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. தகரமோ ஒளிபுகும் ஷீற்றோ போடுங்கள். நாடாப்புழுவுக்கு எறும்போ வண்டோ ஈயோ இடையில் தேவை. தினையும் கறுத்த எறும்பும் ஒன்றாகக் கிடந்தால் அதுவும் ஒரு வழி. தட்டைத் தொங்கவிடுங்கள், இரவில் மிச்சத்தை எடுங்கள்.

புதுப் பறவையை வாங்கி அன்றே கூட்டில் விடாதீர்கள். முப்பது நாள் தனியே வைப்பது வழக்கம். ஆனால் புழு பறவைக்குள் போய் முட்டையிடத் தொடங்க ஐந்தாறு வாரம் ஆகலாம். வந்த அன்று சுத்தம், மாத முடிவில் சுத்தம், ஏழாவது வாரத்தில் முட்டை என்று எனக்கே நடந்திருக்கிறது. இடம் இருந்தால் இரண்டு மாதம் வையுங்கள், குறைந்தது மூன்றுமுறை எச்சம் பாருங்கள். பிறகு, இனப்பெருக்கத்துக்குச் சோடி சேர்ப்பதற்கு முன்னும், மே மழையும் ஒக்டோபர் மழையும் ஓய்ந்த பின்னும் பார்த்தால் போதும்.

உங்கள் கூட்டுக்கு இப்போது: இன்று மாலையே கடதாசி விரியுங்கள், கொக்கட்டீல் எட்டையும் நிறுங்கள். மூன்றாம் நாள் போத்தல்களோடும், மெலிந்ததில் ஒன்றோடும் டொக்டரிடம் போங்கள். கடையில் தந்த அந்தப் போத்தலையும் கொண்டுபோங்கள். லேபலில் மருந்தின் பெயரும் வீதமும் இருந்தால் அவர் பார்த்துச் சொல்வார். பெரிய போத்தலில் இருந்து ஊற்றித் தந்தது, லேபலே இல்லை என்றால், பிரிட்ஜில் வைத்துப் பாதுகாக்க அதில் ஒன்றும் இல்லை.